மணி அடிக்காத ஆறு நொடி

சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், ஒரு குறையும் இல்லை. சிபியு சும்மா கிடக்கிறது. மெமரியில் பாதிக்கு மேல் காலி. டிஸ்க் எப்போதாவது ஒரு முறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. இத்தனை சொகுசாக இருக்கிற மிஷின், கூப்பிடுகிறவர்களை மட்டும் ஏன் விரட்டி அடிக்கிறது? மனசு உடைந்து போனவர்கள் கூப்பிடுவதற்கென்று திருச்சி கன்டோன்மென்டில் ஒரு மாடியறையில் நடக்கிற தொலைபேசி உதவி மையம் அது. சம்பளம் இல்லாமல் சிலர் ஷிப்ட் போட்டு வந்து உட்கார்ந்து, அடுத்தவர் சொல்வதைக் கேட்கிறார்கள். நானும் சம்பளம் இல்லாத ஆள்தான், ஆனால் கேட்கிற ஆள் இல்லை. உறையூரில் என் வீட்டில் இருந்தபடி அவர்களுடைய சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஆள். போன மாதம் பழைய மிஷினை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். அன்றிலிருந்து இப்படி. அழைப்பு வருகிறது, இவர்கள் எடுக்கிறார்கள், அந்தப் பக்கம் யாரும் இல்லை. அதற்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஞாயிறு ஷிப்டுக்கு வருகிற ஜெசிந்தா டீச்சர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இதை என்னிடம் சொன்னபோது குரலை ஏற்றவே இல்லை. முன்பும் துணிச்சல் வராமல் சில பேர் வைத்துவிடுவார்கள், இப்போது வைக்காமல் இருப்பவர்கள்தான் சில பேர் என்றார். பிறகு, "வெச்சவங்க என்ன ஆனாங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாது குழலி" என்றார். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது, ருசிதான் தெரியவில்லை. முழுப்பெயர் மட்டுவார்குழலி, அம்மா மலைக்கோட்டை அம்மன் பெயரை ஆசையாக வைத்துவிட்டாள், ஆபீஸில் வடக்கத்திக்காரர்கள் அதை உச்சரிக்கப் பட்ட பாட்டில் குழலி மட்டும் மிஞ்சியது.

ஆபீஸ் என்றால் ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டுவாடா சாஃப்ட்வேரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற வேலை. அங்கே தப்பைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்தது பழைய முறைதான்: சந்தேகம் வருகிற இடத்தில் எல்லாம் இங்கே வந்தேன், இங்கேயும் வந்தேன் என்று அச்சடிக்கச் சொல்லி ஒரு வரியைச் சொருகுவது, புரோகிராமை நிறுத்துவது, மறுபடி ஓட்டுவது, பார்ப்பது. இங்கே நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிற யாரோ ஒருவர் பாதி வாக்கியத்தில் அறுந்துபோவார். அதனால்தான் இந்த டைனமிக் ட்ரேஸிங்கைக் கற்றுக்கொண்டிருக்கிறேன், இந்த வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில், வேறு போக்கிடம் இல்லை என்பதாலும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை நிறுத்தாமலே அதன் உள்ளே எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஒரு காதை ஒட்டவைக்கலாம். ப்ரோப் என்பார்கள். இந்த இடத்துக்கு யாராவது வந்தால் எனக்குச் சொல், எப்போது வந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல் என்று கேட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம், எடுத்தபின் அங்கே ஒன்று ஒட்டியிருந்த சுவடே இருக்காது என்று படித்த அன்றைக்கு எனக்கு என்னமோ செய்தது. சுவடே இருக்காது. எனக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியும். தேன்மொழி போகும்போது மிக்ஸியை எடுத்துக்கொண்டு போனாள், அவளுடைய மிக்ஸிதான், அவள் காசில் வாங்கியது. அதனால் சட்னி அரைப்பது நின்றுபோய் இட்லிப்பொடியில் ஓடுகிறது. இந்த வீட்டில் பதினாலு வருஷம் அவள் இருந்ததற்கு அத்தாட்சியாக இப்போது இருப்பது சட்னி இல்லாததுதான்.

நான் அவள்மேல் கோபமாக இல்லை. இல்லை, இருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் ஒருத்திக்குக் கல்யாணம் அமைகிறது, கரூர்க்காரர், மனைவியை இழந்தவர், ஜவுளி ஏற்றுமதி, நல்ல மனிதர், என்னிடமே வந்து உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான் நிச்சயம் செய்தார். அதைவிட யார் என்ன செய்ய முடியும்? ஆட்சேபணையா, எனக்கா, சந்தோஷம்தான் என்றேன். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில் சேர்ந்து, ஒரே ஹாஸ்டலில் புழு கிடந்த சாம்பாரைச் சாப்பிட்டு, வெறுத்துப்போய்ச் சேர்ந்து எடுத்த வீடு இது. அவளுக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி ஊட்டியிருக்கிறேன். எங்கப்பா போனபோது சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பியபின் அவள்தான் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், விடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கரூர் மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி என்னைக் காட்டி இவங்க யாரு என்று கேட்டபோது, தேன்மொழி மாலையைச் சரிசெய்தபடி என் ரூம்மேட் என்றாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. வேறு என்ன சொல்வாள் பாவம், வேறு வார்த்தை இருந்தால் தானே? புருஷன் போனால் நாலு பேர் வந்து உட்கார்ந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்கள். ரூம்மேட் கல்யாணமாகிப் போனால் வந்து விசாரிக்க ஆள் கிடையாது. எனக்கு வாழ்த்துதான் சொன்னார்கள். இப்போது அவள் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் அனுப்புகிறாள், அது அவளுடைய புது வீட்டுப் பழக்கம் போல. கூப்பிட்டால் எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து நின்றுபோகும். பிறகு மாமியார் பக்கத்துல இருந்தாங்கடி என்று மெசேஜ் வரும். இதையெல்லாம் நினைக்க நான் இங்கே உட்காரவில்லை. திரையைப் பார், குழலி.

எதைக் கேட்பது என்று தெரியாதவள் என்ன செய்வாள்? எல்லாவற்றையும் கேட்பாள். அந்தத் தொலைபேசி புரோகிராமுக்குள் இருக்கிற அத்தனை ஃபங்ஷனிலும், வேலைக்கொன்றாக எழுதியிருக்கிற ஒவ்வொரு துண்டிலும், ஒரே வரியில் ப்ரோப் வைத்துவிட்டேன். எல்லோர் வாயிலும் ஒரே நேரத்தில் மைக்கை நீட்டினால் என்ன ஆகுமோ அது ஆனது. திரை அருவி மாதிரி ஓட ஆரம்பித்தது, ஒரு வரியையும் கண் பிடிக்கவில்லை, எனக்கு ஒரு அற்பப் பெருமைகூட வந்தது, பார் எவ்வளவு தெரிகிறது என்று. செல்போன் அடித்தது. ஜெசிந்தா டீச்சர். "குழலி, நீ ஏதும் பண்றியாம்மா? இங்க ஒரு புள்ள பேசிட்டிருக்குறப்போ குரல் துண்டு துண்டா போச்சு. என்ன சொன்னுச்சுன்னே புரியல. திரும்பச் சொல்லுன்னு எப்படிம்மா கேக்குறது?" பாதி கேட்கும்போதே என் விரல் போய் ட்ரேஸை நிறுத்திவிட்டது. அந்தப் பிள்ளை லைனில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, பேசி முடித்துத் தானாகத்தான் வைத்தது என்றார். திட்டவில்லை, பார்த்துப் பண்ணும்மா என்றார், அவ்வளவுதான். ப்ரோப் ஒன்றுக்குச் செலவு கொஞ்சம்தான், ஆயிரக்கணக்கில் வைத்தால் மிஷின் பதில் சொல்லிச் சொல்லியே மூச்சுவாங்கும் என்று நான் படிக்கிற ட்ரேஸிங் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறான். படித்தேன். அடிக்கோடுகூடப் போட்டேன். போட்டு என்ன பயன்? உள்ளங்கை ஈரமாகிவிட்டது. அழுதுகொண்டு ஒருத்தி தன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிற ஒன்றை நான் நடுவில் புகுந்து நொறுக்கியிருக்கிறேன், கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். எழுந்து எங்கே போவது, அடுத்த அறைக்கா?

போகாமல் இருந்ததற்குக் காரணம் டி-நைன்-எஃப். கூப்பிடுகிறவர்களின் எண் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, சர்வர் அதைக் குழப்பி மாற்றித்தான் அழைப்புப் பதிவில் எழுதிவைக்கும். ஆனால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் குழப்பும். ஒருவருடைய குழப்பல் டி-நைன்-எஃப் என்று முடிகிறது. அவர் காலையில் இருந்து வந்து வந்து போகிறார். இப்போது, நான் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தபோது, மறுபடி வந்தார். வந்தார், நின்றார், யாரும் எடுப்பதற்கு முன்னால் போய்விட்டார். முதல் தடவை கொஞ்சம் பொறுத்திருந்தார், அடுத்த தடவை அதைவிடக் குறைவு, இந்தத் தடவை அதைவிடவும் குறைவு. நம்பிக்கை குறைந்துகொண்டே வருவதை நொடிக்கணக்கில் பார்ப்பது நல்லதில்லை. இது வெறும் எண்தான் என்று சொல்லிக்கொண்டேன். எங்கோ ஒரு கட்டில் ஓரத்தில், அல்லது ஒரு மொட்டைமாடியில், போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு ஆள். ஆணோ பெண்ணோ. மொட்டைமாடி என்று ஏன் நினைத்தேன்? வேறு எதையாவது நினை. கட்டில் ஓரம் என்றே வைத்துக்கொள்வோம். இன்னும் எத்தனை தடவை வருவார் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை வராமல் போனால், அது மனசு தேறியதாலா வேறு எதனாலா என்பதும் எனக்குத் தெரியப் போவதில்லை. டீச்சர் சொன்னதுதான்.

புத்தகத்தில் பின்னால் ஒரு அத்தியாயம் இருக்கிறது, முதலில் படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. மிஷின் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்காதே, ஒன்றும் செய்யாதபோது எங்கே நிற்கிறது என்று கேள் என்கிறான். நிற்கிறது என்றால் எதற்காகவாவது நிற்கும்: டிஸ்க்கிலிருந்து ஒரு பதிலுக்காக, நெட்வொர்க்கில் வர வேண்டிய ஒன்றுக்காக, வேறு ஒருவன் பூட்டிவைத்திருக்கிற பூட்டுக்காக. எதற்காக நின்றது, நின்றதை யார் வந்து எழுப்பினார்கள் என்று ரெண்டையும் கேட்கலாம். இந்தத் தடவை அடக்கமாக, ஒரே ஒரு ப்ரோப், புதிதாக வருகிற ஒரே ஒரு அழைப்புக்கு மட்டும் வைத்துவிட்டு, என் செல்போனில் இருந்து நானே உதவி மையத்தைக் கூப்பிட்டேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அந்த எண்ணுக்கு நான் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லைன் கிடைத்தது. பிறகு ஒன்றுமே இல்லை. மணி இல்லை, பாட்டு இல்லை, கரகரப்புகூட இல்லை. கட்டாகிவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தேன், திரையில் நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி காதில் வைத்தேன். யாரோ எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதுபோல ஒரு எண்ணம், யார் எடுப்பார்கள், ஏன் பேச மாட்டேன் என்கிறார்கள், நான் ஏதாவது சொல்ல வேண்டுமா, என்ன சொல்வது, முதலில் என் பெயரா? வைத்துவிடத் தோன்றியது. தப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிற எனக்கே, எதிர்ப்பக்கம் இருப்பது ஜெசிந்தா டீச்சர் என்று தெரிந்த எனக்கே, கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது. அப்புறம் டீச்சரின் குரல் வந்தது, நான் இதுவரை கேட்டிராத ஒரு மெதுவான குரல். "வணக்கம். நான் கேட்டுட்டிருக்கேன். சொல்லுங்க." ஒரு கணம் நிஜமாகவே சொல்லிவிடலாம் போல இருந்தது, மிக்ஸியில் இருந்து ஆரம்பித்து. டெஸ்ட் கால் டீச்சர் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ட்ரேஸில் பதில் வந்திருந்தது. அந்த அழைப்பு டிஸ்க்குக்காக நிற்கவில்லை, நெட்வொர்க்குக்காக நிற்கவில்லை, யார் பூட்டுக்காகவும் நிற்கவில்லை. எல்லா புரோகிராமுக்கும் அடியில் இருக்கிற கர்னலிடம் போய், என்னை ஆறு நொடி தூங்கவிடு என்று தானாகவே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. எழுப்பியது கடிகாரம். அதாவது இது கோளாறே இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சாகலாமா என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறவரை ஆறு நொடி காக்கவைக்க எவனுக்கு மனசு வந்தது? எவன் என்றும் தெரியும். இந்தப் புரோகிராமை எழுதியவன் நிஜாமுதீன், பாலக்கரைப் பையன், எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்துவிட்டு இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். அங்கே ஞாயிறு வேலைநாள். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன், எடுத்தான், சலாம்கூட முழுசாகச் சொல்லவிடாமல் பிடித்துக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டான். "அது நான் வேணும்னே வெச்சதுக்கா" என்றான். "டக்குனு எடுத்தா பயந்துட்டு வெச்சிடுறாங்க. ரெண்டு தடவ மணி அடிக்கட்டும், அதுக்குள்ள மூச்சு விட்டுக்கட்டும்னு வெச்சேன். பேச வந்தவங்களுக்கு மனச சேத்துக்க கொஞ்சம் நேரம் வேணும்லக்கா." பிறகு அவனே கேட்டான், மணிச் சத்தத்தை ஒரு தனி ஃபைலாகப் போட்டிருந்தேனே, அது கேட்குதுல்ல என்று. கேட்கவில்லை என்றேன். பின்னால் யாரோ அரபியில் அதட்டுவது மட்டும் கேட்டது.

அடுத்த ப்ரோப் வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எந்தெந்த ஃபைலைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறது, என்ன பதில் வருகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு அழைப்பும் தூங்கப் போவதற்குச் சற்று முன்னால் அந்த மணி ஃபைலைத்தான் கேட்கிறது. அப்படி ஒன்று இல்லை என்கிறது கர்னல். புது மிஷினுக்கு மாற்றியவர்கள் புரோகிராமை எல்லாம் கொண்டுவந்துவிட்டு ஒலிகள் இருந்த ஃபோல்டரை விட்டுவிட்டார்கள். சரி, இல்லை என்றால் கத்த வேண்டாமா? எங்காவது ஒரு பிழை என்று எழுதிவைக்க வேண்டாமா? அதுதான் கிடையாது. இல்லையா, சரி, என்று மூச்சுக் காட்டாமல் போய்ப் படுத்துக்கொள்கிறது. நல்ல ஜாதி. கேட்டது கிடைக்காவிட்டால் ஒருவரிடமும் சொல்லாமல் படுத்துக்கொள்கிற இன்னொரு ஜென்மத்தையும் எனக்குத் தெரியும், தினமும் பல் தேய்க்கும்போது பார்க்கிறேன். அழுகை வந்தது. ஒரு ஃபைலுக்காக அழுகிறாயே என்று என்னை நானே கேலி செய்துகொண்டு, நன்றாகவே அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, இணையத்தில் பழைய தொலைபேசி மணி ஒன்றைத் தேடி எடுத்து, அதே பெயர் வைத்து, அது தேடுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். எதையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. அடுத்து வந்த அழைப்பு ஃபைலைக் கேட்டது, கிடைத்தது, மணி அடித்தது, ஆறு நொடி கழித்து டீச்சரிடம் போனது, அங்கே அறுந்துபோகாமல் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. டீச்சருக்கு மெசேஜ் போட்டேன், சரியாகிவிட்டது என்று. கைகூப்பிய படம் ஒன்று திரும்பி வந்தது. இந்த இடத்தில் சாமர்த்தியசாலி என்றால் லேப்டாப்பை மூடிவிட்டுக் காபி போட்டிருப்பாள்.

நான் டி-நைன்-எஃப்புக்காக உட்கார்ந்திருந்தேன். வந்தார். ஃபைல் திறந்தது. முதல் மணி முடியவில்லை, வைத்துவிட்டார். முன்பைவிடச் சீக்கிரம். இனிமேல் ப்ரோப் வைக்க இடமில்லை. சர்வர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, மிச்சம் இருப்பது அந்தப் பக்கத்து மனிதர். மணி அடித்தால் ஏன் வைக்க வேண்டும்? அடித்தால் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம், நிஜாம் அப்படி நினைத்துத்தானே வைத்தான். அப்படியா அர்த்தம்? மணி அடிக்கிறது என்றால் இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றும் அர்த்தம். தை மாசத்திலிருந்து கரூருக்கு நான் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், அந்த மணியை எனக்குத் தெரியும், முதல் ஒலியிலேயே இது எடுக்கப்படாத மணி என்று காதுக்குத் தெரிந்துவிடும், கடைசிவரை அடிக்கவிடுகிற தைரியம் போய் இப்போதெல்லாம் நானும் பாதியிலேயே வைத்துவிடுகிறேன். எடுக்காமல் போனார்கள் என்பதைவிட நான் வைத்துவிட்டேன் என்பது கொஞ்சம் கௌரவம். அவருக்கும் அதுவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், என் சொந்த நோவை ஒரு எண்ணின் தலையில் கட்டுகிறேனோ என்னமோ. ஆனால் வேறு யோசனை என்னிடம் இல்லை. டீச்சரைக் கூப்பிட்டு, மணிக்குப் பதிலாக ஒரு குரலைப் போடட்டுமா என்று கேட்டேன். யார் குரல் என்றார். இப்போதைக்கு என் குரல்தான், வீட்டில் வேறு ஆள் இல்லை என்றேன். போடும்மா, கமிட்டியில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

என்ன பேசுவது? உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொன்னால் நானே வைத்துவிடுவேன். தயவுசெய்து காத்திருக்கவும் என்றால் ரயில் நிலையம். வணக்கம் என்று ஆரம்பித்தால் மேடை. செல்போன் ரெக்கார்டரை அமுக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். பேசுகிற எனக்கு முன்னால் முகம் இல்லை, அதுதான் கஷ்டம். என் குரல் இப்படி இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லையே, தடித்துப்போய், ஓரத்தில் அதட்டுகிற மாதிரி. கடைசியில், வாசலில் ஒருவர் வந்து நின்றால் உள்ளேயிருந்து என்ன சொல்வோமோ அதைச் சொன்னேன். "இருங்க. இதோ வந்துட்டாங்க. வெச்சிடாதீங்க, இருங்க." அவ்வளவுதான். திரும்பப் போட்டுக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அழித்திருப்பேன். அப்படியே மாற்றி, மணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைத்தேன்.

பிறகு ஒரு வேலையும் இல்லை, காத்திருப்பதுதான். வேறு யாரோ வந்தார், கேட்டார், நின்றார். ஜன்னல் வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போனது. டி-நைன்-எஃப் வரவில்லை. ஏற்கெனவே வராமல் போய்விட்ட ஆளுக்காக இங்கே ஒருத்தி குரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், அப்படியும் நடக்கும், உலகத்தில் நடக்காததா. அந்த முதல் மணிதான் அவருக்குக் கடைசி என்றால்? மணியை வைத்தவள் நான். நிஜாமின் ஆறு நொடியைத் திட்டினேனே, என் அரை நொடி மணி அதைவிட மோசமாக இருந்தால்? எச்சில் வறண்டுபோனது. தண்ணீர் குடிக்க எழுந்திருக்கலாம், ஆனால் எழுந்த நேரத்தில் வந்துவிட்டால், நான் பார்த்து என்ன ஆகப்போகிறது, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதே ஃபைல்தான் ஓடும், தெரியும், எழுந்திருக்கவில்லை. திரையில் ஒரு வரி விழுந்தது. டி-நைன்-எஃப். ஃபைல் திறந்தது. படிக்கிறது. இன்னும் படிக்கிறது. அவர் வைக்கவில்லை. ஃபைல் கடைசிவரை ஓடி முடிந்தது, கடிகாரம் எழுப்பியது, அழைப்பு டீச்சரிடம் போனது. அங்கே நின்றது. நான் எல்லா ப்ரோப்பையும் எடுத்துவிட்டேன். இனி அது அவர்கள் ரெண்டு பேர் விஷயம், ஒட்டுக்கேட்க எனக்கு உரிமை இல்லை. சமையலறைக்குப் போய்த் தட்டைக் கழுவினேன், கழுவின தட்டையே மறுபடி கழுவினேன், அவ்வளவு சந்தோஷம்.

கை ஈரத்தோடுதான் போனை எடுத்தேன். ஜெசிந்தா டீச்சர், ரகசியம் பேசுகிற குரலில். "லைன்ல ஒருத்தங்க இருக்காங்கம்மா. முதல்ல பேசுனவங்ககிட்டதான் பேசுவேன்ங்கறாங்க. நான் இருக்கேன்னு சொன்னா ஒத்துக்கல. வெச்சிடுவாங்க போல. உன்னைச் சேத்து விடுறேன், நானும் லைன்லயே இருப்பேன்." நான் இதற்கெல்லாம் பயிற்சி எடுக்கவில்லை டீச்சர் என்று ஆரம்பிப்பதற்குள் டொக் என்று ஒரு சத்தம். பிறகு மூச்சு. ஒரு பெண், வயது சொல்ல முடியவில்லை, இருபத்தைந்தும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். அவளே கேட்டாள். "இருங்கன்னு சொன்னது நீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"மெஷின்னுதான் நெனச்சேன். பின்னாடி குக்கர் விசில் அடிச்சுச்சு. யாரோ வீட்டுல இருந்து பேசுறாங்கன்னு தோணுச்சு." நான் கவனிக்கவே இல்லை அதை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாருக்குச் சமைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

டீச்சர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம், அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும், அந்தப் பக்கம் ஒரு வீடு, அதில் சாப்பிடப் போகிற நாலு பேர் என்று. வாய் வேறு ஒன்றைச் சொன்னது, இந்த ஆறு மாதத்தில் நான் யாரிடமும் சொல்லாததை. "அது பக்கத்து வீட்டு குக்கருங்க. நான் தனியாத்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. மூச்சுகூட இல்லை. கெடுத்துவிட்டேன், வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற சத்தம் கேட்டது.